முனைவர் பட்டத்தை யார் சோதிப்பது?

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தைகள் பனியனுக்கு ஒரு வேதியியல் சோதனை உண்டு. சாயமேற்றிய துணியில் ஒரு கிராம் அளவுக்கு வெட்டி எடுத்து, லேசான அமிலக் கரைசலில் போட்டு, 70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். பிறகு சோடியம் டைதயோனைட்டைச் சேர்ப்பார்கள். சாயப்பட்டறையில் இதற்கு 'ஹைட்ரோஸ்' என்று பெயர். நிறம் தப்பாகிப்போன துணியை வெளுத்து மறுபடி சாயம் போட உதவும் அதே தூள்தான். அரை மணி நேரத்தில் துணியின் சிவப்போ மஞ்சளோ மங்கிப் போகும். ஆய்வகத்துக்கு நிறம் போனதில் அக்கறையில்லை. நிறம் உடைந்தபோது கரைசலில் என்ன இறங்கியது என்பதுதான் அவர்கள் தேடுவது.

துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மூலக்கூறுக்கு நடுவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். நிறத்தைத் தருவது அந்தப் பிணைப்புதான். அது அறுந்தால் நிறம் போகும், மூலக்கூறு இரண்டு துண்டாகும். எல்லாச் சாயங்களிலும் ஆபத்தில்லை. சிலவற்றில் மட்டும் அந்தத் துண்டு புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீனாக இருக்கும். ஒரு கிலோ துணிக்கு அது 30 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தத் துணியை விற்க முடியாது. 1990-களில் ஜெர்மனி இந்தத் தடையைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் இந்திய அரசும் மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. ஹைட்ரோஸ் செய்யும் இந்த வேலையை நம் ஈரலும் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் செய்யும் என்பதே தடைக்குக் காரணம்.

உடம்புக்குள் நடக்கும் இதே உடைப்பு, சென்ற நூற்றாண்டில் எத்தனையோ தாய்மார்களையும் குழந்தைகளையும் சாவிலிருந்து மீட்டது. மருந்து அறிவியலில் முனைவர் பட்டப் பயிற்சி என்றால் என்ன, அதற்கு யார் தரச்சான்று கொடுப்பது என்ற கேள்விக்கு அந்தக் கதை வழியாகப் போவதே சரி. அதில் மூன்று இடங்களில் ஒரு பி.எச்டி மாணவரோ, பி.எச்டி பயிற்சியோ வந்து நிற்கிறது.

ஜெர்மனியில் வுப்பர் ஆற்றங்கரையில் இருக்கும் வுப்பர்டால், நெசவையும் சாயத்தையும் நம்பி வளர்ந்த ஊர். பேயர் நிறுவனம் 1863-ல் அங்கேதான் சாயக் கம்பெனியாகத் தொடங்கியது. 1932 டிசம்பரில் அதன் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக் என்ற மருத்துவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றிய எலிகளுக்கு ஒரு சிவப்பு அசோ சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதைத் தயாரித்தவர் ஜோசப் கிளாரர் என்ற வேதியியலாளர். சாயம் கொடுக்காத எலிகள் செத்தன. கொடுத்தவை பிழைத்தன. 1935 பிப்ரவரியில் முடிவுகள் வெளியாயின. மருந்தின் பெயர் ப்ரோன்டோசில். ஊசி குத்திக் கை அழுகத் தொடங்கிய தன் சொந்த மகளுக்கே டோமாக் அதைக் கொடுத்துக் காப்பாற்றினார். 1939-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாஜி அரசு அதை வாங்க விடாததால், பதக்கம் 1947-ல்தான் அவர் கைக்கு வந்தது.

இதில் ஒரு புதிர் இருந்தது. கண்ணாடிக் குழாயில் கிருமியோடு ப்ரோன்டோசிலைக் கலந்தால் கிருமி சாகவில்லை. எலியின் உடம்புக்குள் போனால்தான் மருந்து வேலை செய்தது. குழாயோடு நிறுத்தியிருந்தால் அந்த மருந்து குப்பைக்குப் போயிருக்கும். பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ட்ரெஃபூல் தம்பதியும் டேனியல் போவேயும் ஃபெடரிகோ நிட்டியும் 1935-லேயே புதிரை அவிழ்த்தார்கள். உடம்புக்குள் அசோ பிணைப்பு அறுந்து சாயம் இரண்டாகிறது. சிவப்புக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிருமியைத் தடுப்பது உடைந்து வந்த நிறமற்ற பாதி. அதன் பெயர் சல்ஃபனிலமைடு. பெருங்குடல் அழற்சிப் புண்ணுக்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் மருத்துவர்கள் எழுதித் தரும் சல்ஃபாசலசின் மாத்திரை இதே வழியில் வேலை செய்கிறது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதன் அசோ பிணைப்பை அறுக்கும்வரை மருந்து அடங்கியே இருக்கும்.

அந்த நிறமற்ற பாதியை முதன்முதலில் செய்தவர் டோமாக்கும் அல்ல, பாரிஸ்காரர்களும் அல்ல. வியன்னாவில் பால் கெல்மோ என்ற மாணவர் 1908-லேயே தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக அதைத் தயாரித்து எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு அது சாயத்துக்கு உதவக்கூடிய ஒரு வேதிப்பொருள், அவ்வளவுதான். பட்டம் வாங்கியாயிற்று, ஆய்வேடு அலமாரிக்குப் போயிற்று. 27 ஆண்டுகள் கழித்து உலகத்தின் முதல் பரவலான கிருமிக்கொல்லி மருந்து அந்த அலமாரியில்தான் இருந்தது என்று தெரிந்தது. நடுவில் ஒரு உலகப்போர் நடந்தது. காயம் அழுகிச் செத்த சிப்பாய்களுக்குக் கணக்கில்லை.

சல்ஃபனிலமைடு பழைய பொருள் என்பதால் அதற்கான காப்புரிமை காலாவதியாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். 1937-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசெங்கில் என்ற கம்பெனி அதை இனிப்புத் திரவமாக்க நினைத்தது. சல்ஃபனிலமைடு தண்ணீரில் எளிதில் கரையாது. கம்பெனியின் தலைமை வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்துப் பார்த்தார், கரைந்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மருந்தை விற்கும் முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அடுத்த ஆண்டு, 1938-ல், வந்தது.

மருந்தா, கரைப்பானா, எது கொன்றது என்று கண்டுபிடிக்கும் வேலை சிகாகோ பல்கலைக்கழகத்தில் கெய்லிங் என்ற பேராசிரியரின் ஆய்வகத்துக்கு வந்தது. அங்கே ஃபிரான்சிஸ் ஓல்டம் என்ற கனடாப் பெண் பி.எச்டி மாணவியாக இருந்தார். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்த கெய்லிங், சேர்க்கைக் கடிதத்தில் 'மிஸ்டர் ஓல்டம்' என்றே எழுதியிருந்தார். அந்த மாணவியும் கூட இருந்தவர்களும் விலங்குகளுக்கு மருந்தைத் தனியாகவும் கரைப்பானைத் தனியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். கரைப்பான்தான் கொன்றது என்பது தெளிவானது. 1938-ல் அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. பிறகு அதே ஆய்வகத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, தாய் உட்கொள்ளும் மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும் என்பதைக் கண்டார்.

1960-ல் அவர் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணத்துக்குப் பின் அவர் பெயர் ஃபிரான்சிஸ் கெல்சி. மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. ஐரோப்பாவில் கர்ப்பிணிகளுக்குக் குமட்டலுக்காகக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்து. கம்பெனி திரும்பத் திரும்ப நெருக்கியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. கொடுத்த ஆதாரம் போதாது, மறுபடி கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1961 கடைசியில் உண்மை வெளிப்பட்டது. கை கால் வளராமல் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பிறந்திருந்தன. அமெரிக்காவில் அந்த எண்ணிக்கை சொற்பமே.

சிகாகோ ஆய்வகத்தில் 1937-ல் ஒரு மாணவிக்குக் கிடைத்த பயிற்சியின் பலன் 1960-ல் தெரிந்தது. முனைவர் பட்டப் பயிற்சியின் தரத்தை அளப்பது ஏன் கடினம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. துணியின் எடையைப் பார்க்க ஜி.எஸ்.எம். கட்டரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் கையில் வந்துவிடும். தராசில் வைத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. பட்டம் பெற்று வெளியே வரும் ஒரு ஆராய்ச்சியாளரை அப்படி வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. ஆய்வேட்டின் பக்க எண்ணிக்கையோ வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையோ, போதாத ஆதாரத்தை அவர் திருப்பி அனுப்புவாரா என்று சொல்லாது.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றே. பீஸை மட்டும் பார்க்காமல், அது உருவாகும் லைனையும் வெளியாள் வந்து பார்ப்பது. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசிச் செக்கிங்கில் பாஸான துணியாக இருந்தாலும், வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து சாயப்பட்டறையின் ரசாயனப் பதிவேட்டைப் பார்க்கிறார், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கிறார், மேலாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தொழிலாளர்களிடம் தனியாகப் பேசுகிறார். கல்வியில் இதற்கு நிகரானதுதான் அக்ரிடிடேஷன், அதாவது தர அங்கீகாரம். ஒரு துறையின் அனுபவசாலிகள், அந்த நிறுவனத்தோடு ஒட்டுறவில்லாதவர்கள், நேரில் வந்து பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்துக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் கொடுக்கும் சான்று.

இந்தியாவில் மருந்தியல் படிப்புக்கு இத்தகைய கண்கள் பல உண்டு. 1948-ன் ஃபார்மசி சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய மருந்தியல் கவுன்சில், டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படிப்புகளுக்கும் 2008 முதல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்புக்கும் அனுமதி தருகிறது. 1994-ல் உருவான தேசிய அங்கீகார வாரியம், என்.பி.ஏ., டிப்ளமோ, இளநிலை, முதுநிலைப் படிப்புகளைத் தனித்தனியே சோதிக்கிறது. அதே ஆண்டு பெங்களூரில் தொடங்கிய நாக் அமைப்பு முழுக் கல்லூரியையும் மதிப்பிடுகிறது. கோவையின் பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச். மருந்தியல் கல்லூரிகள், ஈரோட்டின் நந்தா, குமாரபாளையத்தின் ஜே.கே.கே.என்., ஊட்டியின் ஜே.எஸ்.எஸ். என்று நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கல்லூரிகளின் விளம்பரப் பலகைகளில் இந்தப் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள்.

பி.எச்டி இந்த வட்டத்துக்குள் வராது. ஃபார்ம்.டி. படித்தவரும் பெயருக்கு முன் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது நோயாளிக்கு அருகில் நின்று மருந்தைக் கவனிக்கும் தொழிற்படிப்பு, ஆராய்ச்சிப் பட்டம் அல்ல. பி.எச்டி பல்கலைக்கழகத்தின் கையில், பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிகளின்படி நடக்கிறது. மருந்தியல் அறிஞர்கள் குழு ஒன்று வந்து, இந்தத் துறையில் இங்கே நடக்கும் பி.எச்டி பயிற்சி தரமானது என்று தனியாகச் சொல்லும் முறை நம்மிடம் இல்லை. அமெரிக்காவிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். 1932-ல் தொடங்கிய அங்குள்ள மருந்தியல் கல்வி அங்கீகாரக் கவுன்சில், பட்டப்படிப்புகளில் ஃபார்ம்.டி.யைத்தான் சோதிக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தொழில் அங்கீகாரம் என்பது உரிமத்தோடு கூடவே வளர்ந்தது. மருந்துக் கடையில் நிற்கப் பதிவு வேண்டும், பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். ஆராய்ச்சி செய்ய உரிமம் எதுவும் கிடையாது. அதனால் கேட்பாரும் இல்லாமல் போயிற்று.

பி.எச்டி மாணவர் உண்மையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மாத்திரை கரையும் சோதனையை வைத்தே பார்க்கலாம். டிசொல்யூஷன் கருவியில் வரிசையாக ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் 900 மில்லி கரைசல், உடம்புச் சூட்டுக்குச் சமமாக 37 டிகிரி. துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்றுச் சுற்றும். மாத்திரையைப் போட்டுவிட்டு, குறித்த நேரங்களில் சில மில்லி உறிஞ்சி எடுத்து எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். பார்க்க எளிய வேலை. ஆனால் கரைசலில் கரைந்திருக்கும் காற்றை முன்கூட்டியே நீக்காவிட்டால், மாத்திரையின் மேல் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். சில மாத்திரைகள் மேலே மிதக்கும், சிலவற்றில் தண்ணீர் படும் பரப்பு குறையும். ஆறில் இரண்டு பாத்திரங்கள் மட்டும் மாறுபட்ட எண்ணைக் காட்டும்.

பயிற்சி தொடங்குவது அந்த இரண்டு எண்களில்தான். அவற்றை விட்டுவிட்டு மீதி நான்கை வைத்து அழகான வளைகோடு வரையலாம். யாருக்கும் தெரியாது. அல்லது கைடிடம் போய், இரண்டு ஒத்துவரவில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று சொல்லலாம். நல்ல கைடு கூடவே வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். காற்றை நீக்கி மறுபடி செய்யச் சொல்வார். முதல் முறை வந்த எண்களையும் நோட்டில் அப்படியே வைத்திருக்கச் சொல்வார். தொழிற்சாலைச் சோதனைக்கு மருந்துத் தரநூலே இதற்கு வழி சொல்கிறது. ஆறு மாத்திரைகளில் முடிவு சரியாக வராவிட்டால் இன்னும் ஆறு, அப்போதும் தெளியாவிட்டால் இன்னும் பன்னிரண்டு. ஆய்வகத்தின் தனிமையில் அப்படிச் சொல்ல நெறியாளரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவருக்கு நேரம் இல்லையென்றால் அந்த இரண்டு எண்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

நேரத்தைப் பற்றி யு.ஜி.சி.யின் 2022 விதிகள் ஒன்று சொல்கின்றன. ஒரே சமயத்தில் பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள், அதற்கு மேல் கூடாது. படிப்புக் காலம் குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டு வரை. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. குழந்தை பிறந்த பின் படிப்பை விட்டுவிடும் நிலையில் இருக்கும் நம் பெண்களுக்கு இது பெரிய கைகொடுப்பு. கட்டாயக் கட்டுரை வெளியீட்டை இந்த விதிகள் நீக்கின. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நிற்கும் என்பதால் அதை வரவேற்கிறேன். அதே சமயம், வெளியே இருந்து ஒருவர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு வாய்ப்பும் குறைந்துபோனது. பாரம் முழுவதும் ஆய்வேட்டை மதிப்பிடுபவர்கள் தலையில் விழுகிறது.

ஆய்வேட்டை மதிப்பிடுவது யார்? நெறியாளரும், வெளி நிறுவனத்தைச் சேர்ந்த இருவராவதும். வாய்மொழித் தேர்விலும் நெறியாளர் உட்கார்ந்திருப்பார். இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசரே தன் லைனின் கடைசிச் செக்கிங்கில் கையெழுத்துப் போட்டால் எந்தப் பையரும் ஏற்கமாட்டார். சூப்பர்வைசர் நேர்மையானவராகவே இருக்கலாம். தன் கையால் வளர்த்ததைத் தானே எடைபோடும் நிலையில் அவரை வைப்பதே தவறு.

இதற்கு ஒரு மாற்றுவழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. உயிர்மருத்துவம், சுகாதார அறிவியல் துறைகளின் பி.எச்டி பயிற்சிக்காகவே ஐரோப்பாவில் ஆர்ஃபியஸ் என்ற கூட்டமைப்பு செயல்படுகிறது. 2004-ல் குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரில் உருவானது. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்போடு சேர்ந்து 2012-ல் பி.எச்டி பயிற்சிக்கான தர வரையறைகளை வெளியிட்டது. மூன்று முதல் நான்கு ஆண்டு முழுநேர ஆராய்ச்சி, அதில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குச் சமமான வகுப்புகள், சர்வதேச ஆய்விதழ்களில் வரத்தக்க மூன்று கட்டுரை அளவுக்கான வேலை. இவற்றைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. மதிப்பிடும் குழுவில் நெறியாளர் உறுப்பினராக இருக்கக் கூடாது. விரும்பும் நிறுவனம் தன்னைத்தானே அலசி அறிக்கை எழுதி அனுப்பலாம். அதை வெளியாட்கள் சரிபார்த்து, தகுதி இருந்தால் முத்திரை தருவார்கள். கட்டாயம் இல்லை, அரசு உத்தரவும் இல்லை. துறைக்காரர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட வரம்பு.

நம் ஊரில் ஆட்சேபம் எழும் என்று தெரியும். இன்னொரு முத்திரை, இன்னொரு கோப்பு, ஆய்வுக்குழு வரும் வாரத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பு என்று பேராசிரியர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் அங்கீகாரங்களுக்குப் படிவம் நிரப்பியே பல ஆசிரியர்களின் ஆராய்ச்சி நேரம் கரைகிறது. எத்தனை கணினி, எத்தனை சதுர அடி என்று எண்ணிக்கொண்டு போகும் குழு ஒன்று கூடுதலாக வந்தால் எந்தப் பயனும் இல்லை. வர வேண்டியது வேறு மாதிரிக் குழு. கைடை வெளியே நிறுத்திவிட்டு மாணவரிடம் பேச வேண்டும். ஏதாவது ஒரு ஆய்வேட்டில் ஒரு அட்டவணையைக் காட்டி, இதற்கான மூல நோட்டையும் கருவி அச்சிட்ட தாளையும் எடுத்து வாருங்கள் என்று கேட்க வேண்டும். ஒத்துவராத அந்த இரண்டு எண்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அரை நாளில் உண்மை தெரிந்துவிடும்.

சாயக் கழிவு கலந்து நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது என்பது இந்த வட்டாரத்துக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலே நிலைகுலைந்தது. விதிகள் அதற்கு முன்பே இருந்தன. சுத்திகரிப்பு நிலையங்களும் காகிதத்திலாவது இருந்தன. அவை உண்மையில் இயங்குகின்றனவா என்று தொடர்ந்து நேரில் பார்க்கும் கண்தான் குறைவாக இருந்தது. பிறகு கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்கு மாறி, இந்தத் தொழில் எழுந்து நின்றது. இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. வெளியாளின் கண்டிப்பான பார்வையைத் தாங்க முடியும், தாங்கினால் வளரவும் முடியும் என்று நாட்டுக்குக் காட்டிய ஊர் இது.

மருந்தில் அந்தப் பார்வை தவறினால் என்னவாகும் என்பதையும் தமிழ்நாடு அண்மையில் பார்த்தது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். 1937-ல் கொன்ற அதே நஞ்சு. சிகாகோவில் ஒரு மாணவியும் கூட்டாளிகளும் விலங்குகளை வைத்து நிரூபித்த அதே உண்மை. 1972-ல் சென்னையிலேயே பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது கொன்றிருக்கிறது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றது. சிந்த்வாடாவின் சாவுகளுக்கு எந்தப் பி.எச்டி பயிற்சியும் காரணம் அல்ல. மூலப்பொருளைச் சோதிக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது, செய்யவில்லை. ஆனால் அந்தச் சோதனையை வடிவமைப்பவர்கள், அதைச் செய்யும் மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள், கம்பெனியின் கோப்பைப் படித்துப் போதாது என்று திருப்பி அனுப்ப வேண்டியவர்கள், இவர்களில் பலர் முனைவர் பட்டப் பயிற்சி வழியாகத்தான் வருகிறார்கள். அந்தப் பயிற்சி அறையைத் திறந்து பார்க்க ஆள் இல்லாமல் இருப்பது சரியல்ல.

மருந்தியல் கவுன்சிலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களும் கூடிப் பேசி, விருப்பப்பட்ட சில துறைகளிலாவது பி.எச்டி பயிற்சிக்கான வெளி ஆய்வைத் தொடங்க வேண்டும். முதல் வேலையாக மதிப்பீட்டுக் குழுவிலிருந்து நெறியாளரை விலக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம்.

அதுவரை மாணவர்களும் பெற்றோரும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ எம்.ஃபார்ம் முடித்துவிட்டு பி.எச்டி சேரப் போவதாகச் சொன்னால், கல்லூரியின் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். சேரப் போகும் கைடிடம் இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவரிடம் படிக்கும் ஒருவரோடு, அவர் இல்லாத இடத்தில் அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். கருவி பழுதானால் எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள், முடிவு தப்பாக வந்தால் கைடு என்ன சொல்கிறார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அவரிடம் இதுவரை பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளையும் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. கைடின் பெயரைப் போட்டாலே தேடலாம்.